இசைஞர் செவியும் செவியடைப்பானும்: ஒரு வரலாற்று நோக்கு

பேரோசையிடையே உழைப்போரின் செவி கெடும் என்பது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்த உண்மையாகும். இத்தாலிய மருத்துவர் பேர்னார்டினோ றமசினி, 1700இல் வெளியிட்டு 1713இல் விரித்தெழுதிய தொழில்நோய்கள் பற்றிய நூலில், வெனிஸ் நகரிற் செம்பு அடிக்கும் கன்னார் செவிடராவதைப் பதிவு செய்துள்ளார். 1886இல் கிளாஸ்கோ நகர மருத்துவர் தோமஸ் பார், கொதிகலன் செய்யும் தொழிலாளர் நூறு பேரைச் சோதித்து, அவருள் ஒருவருக்கேனும் இயல்பான செவிப்புலன் இல்லையெனக் கண்டார். ஆயினும் இவ்வாராய்ச்சிகளின் பயன் இசைஞரை வந்தடைய மேலும் ஒரு நூற்றாண்டு சென்றது. அத்தாமதத்திற்கான காரணம் இசைத்தொழிலின் இயல்பிலேயே அடங்கியுள்ளது. கொதிகலன் செய்வோனுக்கு ஓசை வேண்டாத ஒன்று. இசைஞனுக்கோ அதுவே தொழிற்பொருள்.

செவியடைப்பானின் நவீன வரலாறு 1907இல் ஜேர்மனியில் தொடங்குகின்றது எனலாம். அவ்வாண்டிலே மக்ஸ் நெக்வர் என்னும் மருந்தாக்குநர் மெழுகையும் பஞ்சையும் கலந்து 'ஓறோபாக்ஸ்' என்னும் அடைப்பானை உருவாக்கினார். ஹோமரின் ஒடிசியில், மயக்கும் பாடலினின்று மாலுமிகளைக் காக்க அவர்தம் செவிகளை மெழுகால் அடைத்த கதையே அவருக்குத் தூண்டுதலாயிற்று என்பர். முதலாம் உலகப் போரிற் படைவீரரும் இதனைப் பயன்படுத்தினர். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நுரைப்பொருளாலான அடைப்பான் சந்தைக்கு வந்தது. விரலால் உருட்டிச் செருகினால் செவிக்குள் விரிந்து பொருந்தும் இது மலிவானது. ஆலைத் தொழிலாளருக்குப் பெரிதும் உதவியது.

எனினும், இவ்வடைப்பான்கள் இசைஞருக்குப் பொருந்தவில்லை. இவை தாழ்ந்த மீடிறன்களைக் காட்டிலும் உயர்ந்த மீடிறன்களையே மிகுதியாகத் தடுப்பன. மேலும், புறச்செவிக் கால்வாய் ஏறத்தாழ 2,700 ஹேர்ட்ஸ் அளவிற் பரிவுற்று ஒலியை இயல்பாகவே பெருக்குகின்றது. கால்வாயை அடைத்தவுடன் அப்பெருக்கமும் மறைந்துவிடும். இதனால் வயலினின் தெளிவு மங்கிப் போர்வைக்குள்ளிருந்து கேட்பது போன்ற ஒலியே எஞ்சும். பாடகருக்கும் ஊதுகருவியாளருக்கும் தம் ஒலியே தலைக்குள் முழங்குவதாகத் தோன்றும். ஆகவே, பலர் அடைப்பானைக் கழற்றி வைத்தனர். கழற்றி வைத்த கருவி எவரையும் காப்பதில்லை.

இச்சிக்கலுக்கு விடை 1988இற் கிடைத்தது. பொறியியலாளர் எல்மர் கார்ல்சன் வகுத்த அமைப்பைத் தழுவி, மீட் கிலியனின் எற்றிமோட்டிக் றிசேர்ச் நிறுவனம் ஈஆர்-15 என்னும் இசைஞர் அடைப்பானை வெளியிட்டது. அணிபவரின் செவியை அச்செடுத்து வார்த்த இவ்வடைப்பானில் நுண்ணிய மென்றகடு ஒன்றும் ஒலிவழி ஒன்றும் உள்ளன. இவை செவிக்கால்வாயின் இயற்கைப் பரிவை ஈடுசெய்து, எல்லா மீடிறன்களையும் ஏறத்தாழ ஒரே அளவில், அதாவது 15 தெசிபெலாற் குறைப்பன. இசையின் உரு மாறாது. உரப்பு மட்டுமே குறையும்.

இதன் பெறுமதியை ஒரு கணக்கால் உணரலாம். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1998இற் பரிந்துரைத்த அளவின்படி, 85 தெசிபெல் ஓசையை நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 தெசிபெல் உயர்வுக்கும் அக்காலம் பாதியாகும். எனவே 100 தெசிபெல்லுக்கு 15 நிமிடமே எல்லை. 15 தெசிபெல் அடைப்பானைச் சரியாக அணிந்தால் அதே ஓசைக்கு எல்லை மீண்டும் 8 மணித்தியாலமாகும். ஆயினும், கூடிய தடுப்பே சிறந்த தடுப்பு எனக் கொள்ளுதல் தவறு. அளவுக்கு மீறி அடைத்தால் முரசு வாசிப்போர் தம் ஒலி கேளாது மேலும் ஓங்கியடிப்பர், கை நோகும். ஆகவேதான் 9, 15, 25 தெசிபெல் என வெவ்வேறு அளவுகளில் இவ்வடைப்பான்கள் செய்யப்படலாயின. மென்கருவியாளருக்குக் குறைந்த அளவும் முரசு வாசிப்போருக்குக் கூடிய அளவும் ஏற்றவை.

சட்டம் இதன் பின்னரே வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டுப் பணிப்புரை இசைத்துறைக்கு 2008இலேயே நடைமுறையாயிற்று. பின்னர் எழுந்த வழக்கொன்று கருத்தூன்றத்தக்கது. 2012 செப்டெம்பரில் இலண்டன் றோயல் ஒப்பெரா ஹவுஸில் வாக்னரின் இசைநாடக ஒத்திகையின்போது, பித்தளை ஊதுகருவிகளின் முன்னே அமர்ந்திருந்த வியோலாக் கலைஞர் கிறிஸ்தோபர் கோல்ட்ஷைடர் செவிப்புலன் பாதிப்புற்று, 2014இல் இசைக்குழுவை விட்டு நீங்கினார். அவருக்கு அடைப்பான் வழங்கப்பட்டே இருந்தது. அணிவது அவரது விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தது. 2018இல் நீதிமன்றம் நிறுவனத்தைப் பொறுப்பாளியாக்கியது. 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அம்முடிவை நிலைநிறுத்தியது. எனினும், எந்நேரமும் அடைப்பான் அணிந்தே வாசிக்க வேண்டும் என்னும் கருத்தை அது ஏற்கவில்லை. ஓசையை அதன் மூலத்திலேயே குறைக்க இயன்றவை யாவும் செய்யப்படவில்லை என்பதே அதன் நிலைப்பாடு.

அழிந்த செவி மயிர்க்கலங்கள் மனிதரில் மீள முளைப்பதில்லை. எனவே இருக்கைகளை அகற்றி அமைத்தலும் ஒத்திகை நேரத்தைக் குறைத்தலும் முதற்காப்பாகவும், தக்க அளவுடைய அடைப்பான் இறுதிக் காப்பாகவும் அமைதல் வேண்டும். ஒடிசியின் மாலுமிகள் செவியடைத்துத் தப்பினர். அவர்தம் தலைவனோ செவி திறந்து பாடலைக் கேட்டான். அவ்விரு நிலைகளையும் ஒருங்கே வேண்டி நிற்பவன் இசைஞன். அவனது தேவையை உணர்ந்து கருவி செய்ய, முதல் மெழுகடைப்பானின் பின்னும் எண்பது ஆண்டுகள் வேண்டியிருந்தன.