சுவரும் வாசலும்: உணரி வலையமைப்புகளில் வெளிச் சி நிரலை இணைத்த வரலாறு — ஹைதராபாத்தை முன்வைத்து

முன்னுரை

ஹைதராபாத்தின் ராஜேந்திரநகரில் ஒரு காலத்தில் நிலக்கடலை வயலின் வானிலையை உணரிக் கணுக்கள் அளந்தன. பின்னர் அதே நகரின் கச்சிபௌலியில் காற்றிலுள்ள நுண்துகளை வேறு கணுக்கள் அளந்தன. இத்தகைய கணுவில் ஓடும் நிரல் முழுவதையும் ஒருவரே எழுதுவது அரிது. வானொலிச் சில்லின் இயக்கி, மறைகுறியாக்கம், இணைய நெறிமுறை, உணரி தயாரிப்பாளரின் கணக்கீடு என ஒவ்வொன்றும் வேறு கைகளில் சி மொழியில் உருவாகி வந்து சேர்கிறது. அப்படி வெளியிலிருந்து வரும் நிரலைக் கணுவின் இயங்குதளத்தோடு இணைக்கும் முறை 2000 முதல் இன்றுவரை எப்படி மாறியது என்பதே இக்கட்டுரையின் பொருள். இணைப்பு எளிதாக எளிதாக, பிழை பார்க்கும் பொறுப்பு தொகுப்பியிடமிருந்து பொறியாளரிடம் நகர்ந்தது என்பது இதன் கருதுகோள்.

முழு நிரலும் ஒரே கோப்பில்: 2000–2003

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் கல்லர், ஜேசன் ஹில் ஆகியோரின் குழு 2000இல் டைனிஓஎஸ் இயங்குதளத்தின் வடிவமைப்பை வெளியிட்டது. முதலில் அது சி மொழியிலேயே இருந்தது. பின்னர் அதற்கென்றே நெஸ்சி என்ற மொழி உருவாகி, டேவிட் கே, பிலிப் லெவிஸ், மேட் வெல்ஷ், எரிக் பிரூவர் முதலியோர் எழுதிய கட்டுரை 2003இல் வந்தது.

நெஸ்சியின் அடிப்படை முடிவு துணிச்சலானது. பயன்பாடும் இயங்குதளமும் சேர்ந்த அத்தனை கூறுகளையும் தொகுப்பி ஒன்றாகப் படித்து, ஒரே பெரிய சி கோப்பாக மாற்றும். அந்தக் கோப்பையே வழக்கமான ஜிசிசி தொகுப்பி இயந்திர மொழியாக்கும். இதனால் யார் யாரை அழைக்கிறார்கள் என்ற முழுப் படமும் தொகுப்பியின் கண்முன் இருந்தது. அழைக்கப்படாத செயற்கூறுகளை அது நீக்கியது. சிறியவற்றை அழைக்கும் இடத்திலேயே விரித்தது. குறுக்கீட்டு நிரலும் சாதாரணப் பணியும் ஒரே மாறியைத் தொட்டு மோதக்கூடிய இடங்களை எச்சரித்தது. மைக்காஸ் கணுவில் தற்காலிக நினைவகம் 4 கிலோபைட், நிரல் நினைவகம் 128 கிலோபைட். டெலாஸ்பி கணுவில் இவை முறையே 10, 48 கிலோபைட். அந்த இடநெருக்கடியில் இந்தச் சிக்கனம் இல்லாமல் பிழைக்க வழியில்லை.

அதே முடிவு ஒரு சுவரையும் எழுப்பியது. தொகுப்பி படிக்காத நிரலைப் பற்றி அதனால் எந்த உறுதியும் தர முடியாது. தனியே தொகுக்கப்பட்டு வரும் சி நூலகம் அப்படிப்பட்டதுதான்.

வாசல் திறந்த முறைகள்

வெளி நிரலை உள்ளே கொண்டுவர மூன்று வழிகள் வழக்கில் வந்தன.

முதல் வழி, சி மூலக் கோப்பையே கூறின் தலைப்பில் சேர்த்துக்கொள்வது. நெஸ்சி தொகுப்பி அதையும் படிப்பதால் அழைப்பு வரைபடம் முழுமையாக இருக்கும். இதிலும் சிறு தடைகள் உண்டு. ‘டாஸ்க்’, ‘ஈவன்ட்’, ‘கால்’, ‘போஸ்ட்’ போன்றவை நெஸ்சியில் ஒதுக்கப்பட்ட சொற்கள். சி நிரலாளர்கள் இவற்றைத் தாராளமாகப் பெயர்களாக வைப்பவர்கள். ஆகவே சி கோப்புகளுக்குள் இச்சொற்களுக்குத் தடை இல்லை என்றும், நெஸ்சி பக்கமிருந்து அவற்றை ஒரு தனி முன்னொட்டுடன் சுட்டலாம் என்றும் மொழி விதி வகுக்கப்பட்டது.

இரண்டாம் வழி, நூலகத்தைத் தனியே தொகுத்து, மேக்ஃபைலில் இணைப்பிக்குச் சொல்லிச் சேர்ப்பது. நெஸ்சி பக்கத்தில் செயற்கூறின் அறிவிப்பு மட்டும் இருக்கும். இணைப்பி பெயரைத் தேடி முகவரியைப் பொருத்திவிடும். உள்ளே என்ன நடக்கிறது என்பதை எவரும் சோதிப்பதில்லை.

மூன்றாம் வழி எதிர்த்திசைக்கானது: சி நூலகம் நெஸ்சி செயற்கூறு ஒன்றைத் திரும்ப அழைக்க வேண்டிய நிலை. நெஸ்சி ஒவ்வொரு செயற்கூறின் பெயரோடும் அதன் கூறின் பெயரை ஒட்டிவிடும் என்பதால், சி நூலகம் தேடும் பெயர் அங்கே கிடைக்காது. ‘சி’ என்ற பண்புக்குறி பெயரை உள்ளபடியே விட்டுவைத்தது. ‘ஸ்பான்டேனியஸ்’ என்ற பண்புக்குறி, வெளியிலிருந்து அழைப்பு வரக்கூடும் என்று தொகுப்பிக்கு அறிவித்து அந்தச் செயற்கூறு நீக்கப்படாமல் காத்தது. இவ்விரு குறிகளும் பார்வைக்குச் சிறியவை. தொகுப்பியின் முழுப் படத்தில் ஒரு பகுதி இருட்டு என்று மொழியே ஒப்புக்கொண்டதற்கு அவை சான்று.

இணைந்தபின் வரும் பிழைகள்தான் கடினமானவை. மேசைக் கணினிக்கென எழுதிய நிரல் முழு எண்ணை 32 பிட் என்று எடுத்துக்கொள்ளும். ஏவிஆர், எம்எஸ்பி430 சில்லுகளின் தொகுப்பிகளில் அது 16 பிட். எம்எஸ்பி430 ஒற்றைப்படை முகவரியிலிருந்து 16 பிட் சொல்லைச் சரியாகப் படிக்காது. நெஸ்சியின் வலைத் தரவு வகைகள் இடைவெளியின்றி, பெரிய பைட் முன்னே வரும்படி அடுக்கப்பட்டவை. அவற்றைச் சாதாரணச் சி கட்டமைப்பாக நினைத்து அனுப்பினால் மதிப்பு தாறுமாறாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, டைனிஓஎஸ் பணிகள் தொடங்கினால் முடியும்வரை ஓடுபவை. வெளி நூலகம் ஒரு சுழற்சியில் காத்திருந்தால், வரிசையில் உள்ள மற்ற பணிகள் அனைத்தும் காத்திருக்கும்.

ஹைதராபாத் களங்கள்

இந்தியாவில் உணரி வலையமைப்பு வயலுக்கு இறங்கிய இடங்களில் ராஜேந்திரநகர் குறிப்பிடத்தக்கது. மும்பை ஐஐடியின் ஆதிநாராயணா, யு.பி.தேசாய் உள்ளிட்டோர், ஜப்பானின் செய்ஷி நினோமியா குழுவுடனும், ராஜேந்திரநகரில் இருந்த ஆச்சார்யா என்.ஜி.ரங்கா வேளாண் பல்கலைக்கழகத்துடனும் சேர்ந்து நிலக்கடலையை ஆராய்ந்தனர். இலைப்பேன் பெருக்கம், அதனால் பரவும் மொட்டுக் கருகல் நோய், வானிலை ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பை நான்கு பயிர்ப் பருவங்களின் தரவைக் கொண்டு கணித்தனர்.

இந்த ஆய்வில் கணுக்களின் பணி அளப்பது; நோய் முன்கணிப்புக்கான தரவகழ்வு அவற்றுக்கு வெளியே நடந்தது. சில கிலோபைட் நினைவகத்துக்குள் அத்தகைய கணக்கீட்டு நூலகங்களை இணைக்க இடமில்லாத காலத்தில் இது இயல்பான பகுப்பு. கணுவின் உள்ளே எது, வெளியே எது என்பதைத் தீர்மானித்ததில் வேளாண் அறிவியலுக்கு உள்ள பங்கு இணைப்பின் எல்லைக்கும் உண்டு என்றே கொள்ள வேண்டும்.

அதே நகரில் சி-டாக் மையம் எங்கும் நிறை கணிமைக்கான தேசிய முயற்சியின் பகுதியாக யுபிமோட் என்ற பெயரில் உள்நாட்டுக் கணுக்களை வடிவமைத்தது. புதிய வன்பொருளைச் செய்பவர்கள் இயக்கிகளையும் கருவித்தொடரையும் சேர்த்தே பொருத்தியாக வேண்டும். எம்எஸ்பி430 சில்லின் வரலாறு இதன் கடுமையைக் காட்டும். பழைய எம்எஸ்பிஜிசிசி தொகுப்பி, செயற்கூறுக்கான முதல் மதிப்பை 15ஆம் பதிவகத்தில் அனுப்பியது. பின்வந்த தரநிலை 12ஆம் பதிவகத்தில் அனுப்புகிறது. பழைய தொகுப்பியில் உருவான நூலகக் கோப்பைப் புதியதோடு இணைத்தால், செயற்கூறு தவறான பதிவகத்தைப் படித்து, பொருளற்ற எண்ணைத் தரும்.

நெறிமுறைகள் நூலகங்களாக வந்த காலம்: 2004–2014

சுவரைத் தளர்த்தியது இணையம். உணரிக் கணுக்களுக்கான இணைய நெறிமுறைகளில் 6லோபான் தரநிலை 2007இலும், ஆர்பிஎல் 2012இலும், கோஆப் 2014இலும் வெளிவந்தன. ஒரே நெறிமுறையை ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் புதிதாக எழுதுவது பெரும் வீண். டைனிஓஎஸ்ஸின் பிளிப் அடுக்கு, தலைப்புச் சுருக்க வேலையைத் தூய சி நூலகம் ஒன்றில் வைத்தது. கணுவிலும் லினக்ஸ் நுழைவாயிலிலும் அதே நிரல் பயன்பட்டது. கோஆப் வசதியும் லிப்கோஆப் என்ற வெளிச் சி நூலகத்தின் வழியே வந்தது. 2009இல் டைனிஓஎஸ்ஸுக்கு வந்த டாஸ்திரெட்ஸ், காத்திருக்கும் நிரலைத் தனி இழையில் ஓட்ட வழிசெய்து, பயன்பாடுகளுக்குச் சி இடைமுகத்தையும் தந்தது.

சுவீடனில் ஆடம் டங்கெல்ஸ் உருவாக்கி 2004இல் கட்டுரையில் விவரித்த காண்டிகி இயங்குதளம் தொடக்கத்திலேயே தூய சி வழியைத் தேர்ந்தது. வெளிக் கோப்பின் பெயரை மேக்ஃபைலில் ஒரு வரியில் சேர்த்தால் போதும். ஆனால் அதன் புரோட்டோதிரெட் முறையில், காத்திருப்பைத் தாண்டும்போது உள்ளக மாறிகளின் மதிப்பு அழியும். இதை நிரலாளர்தான் நினைவில் வைக்க வேண்டியிருந்தது. ரயட், செஃபைர் ஆகிய பின்வந்த தளங்கள் வெளி நூலகங்களைப் பதிப்பு எண்ணோடு இழுத்துவரும் ஒழுங்கான அமைப்பையே ஏற்படுத்தின.

மூடிய நூலகங்களின் காலம்

2014இல் வந்த எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் ஈஎஸ்பி8266 போன்ற மலிவான வைஃபை சில்லுகள் நிலைமையை மாற்றின. ஆர்டுவினோ சூழலில் யாரும் நூலகத்தைச் சேர்க்கலாம். இது சி++ என்பதால் தொகுப்பி செயற்கூறுகளின் பெயரை மாற்றும். சி நூலகத்துக்கு ‘எக்ஸ்டெர்ன் சி’ என்று அறிவிக்க வேண்டும். நெஸ்சியின் ‘சி’ பண்புக்குறி தீர்த்த அதே சிக்கல் இது. நெடுஞ்சுழற்சியில் மாட்டும் நூலகத்தால் காவற்கடிகாரம் கணுவை மறுதொடக்கம் செய்வதும், டைனிஓஎஸ் காலத்துப் பணிவரிசைச் சிக்கலின் மறுபிறப்பே.

புதிதாகச் சேர்ந்தது மூடிய நூலகம். பாஷ் நிறுவனம் தன் பிஎம்ஈ680 வாயு உணரிக்கான காற்றுத்தரக் கணக்கீட்டை மூலநிரல் இல்லாமல், தொகுக்கப்பட்ட கோப்பாகவே வழங்குகிறது. அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பயனர் ஆராய முடியாது. நெஸ்சி கண்ட முழுப் படத்தின் நேர் எதிர் முனை இது.

இக்காலத்தில் ஹைதராபாத் ஐஐஐடி குழு கச்சிபௌலிப் பகுதியில் 49 குறைந்தவிலை நுண்துகள் கணுக்களை நிறுவி ஆய்வு செய்தது. நகரம் இணைப்புச் சில்லுகளின் வடிவமைப்புத் தளமாகவும் வளர்ந்தது: இங்கு ஆய்வு மையம் வைத்திருந்த ரெட்பைன் சிக்னல்ஸின் வைஃபை, புளூடூத் தொழிலை 2020இல் சிலிக்கான் லேப்ஸ் வாங்கியது. நூலகங்களைப் பயன்படுத்தும் நகரமே அவற்றை எழுதி உலகுக்குத் தரும் நகரமாகவும் ஆகியிருக்கிறது.

முடிவுகள்

ஒன்று: வெளிச் சி நிரலுக்கு இடம் தந்தது நினைவகப் பெருக்கம் மட்டுமன்று, பொதுத் தரநிலைகள் நூலக வடிவில் வந்ததும் அதே அளவு காரணம். இரண்டு: பெயர் மாற்றம், காத்திருப்பு, தரவு அகலம் ஆகிய மூன்று சிக்கல்களும் தளம் மாறியும் மறையவில்லை. மூன்று: 2003இல் தொகுப்பி செய்த சரிபார்ப்பின் பெரும்பகுதி இன்று பொறியாளரின் பொறுப்பு; மூடிய நூலகத்தில் அவராலும் அதைச் செய்ய முடியாது.

உழவரின் மருந்துத் தெளிப்பும் நகர மக்களின் மூச்சுக்காற்றும் இந்த எண்களை நம்பியிருக்கின்றன. ஆகவே பொதுப் பணத்தில் உணரி வலையமைப்பு நிறுவும் ஒவ்வோர் ஆய்வகமும், தான் இணைத்த வெளி நூலகங்களின் பெயர், பதிப்பு, தொகுப்பி, அடுக்கு நினைவுத் தேவை, அதிகபட்சக் காத்திருப்பு நேரம், மூலநிரல் திறந்ததா மூடியதா என்ற விவரங்களைத் தரவோடு சேர்த்தே வெளியிட வேண்டும். ஹைதராபாத்தின் நிறுவனங்களுக்கு இதைத் தொடங்கும் அனுபவமும் திறமையும் இருக்கின்றன.