உலாவி அமைப்புகள் (தமிழ்த் தளங்களுக்கானவை)

ஓர் இணையப் பக்கம் எந்த எழுத்துருவில், எந்தக் குறிமுறையில் (எழுத்துகளுக்கு எண் தரும் முறை), எந்த அளவில் தோன்ற வேண்டும் என்பதைப் படிப்பவரே உலாவியில் மாற்றிக்கொள்ளும் வசதிகளை இச்சொல் குறிக்கும். 1996 டிசம்பரில் வெளியான முதல் சிஎஸ்எஸ் தரநிலை, பக்கத்தை ஆக்கியவருக்குத் தந்ததைப் போலவே படிப்பவருக்கும் தோற்றத்தை வகுக்கும் உரிமையைத் தந்தது. ஆங்கில வாசகர் பலர் இந்த மெனுவைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். தமிழ் வாசகருக்கோ 1990களின் பிற்பகுதியில் பல தளங்களின் வாசலே அதுதான்.

சிங்கப்பூரில் 1995இல் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் கவிதைத் தளமொன்றில் ஏறிய தமிழே இணையத்தின் முதல் தமிழ்ப் பக்கம் என்பது பரவலான கருத்து. இதை ஏற்காதவர்களும் உண்டு. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் ‘மயிலை’, மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘முரசு அஞ்சல்’ ஆகியவை அக்காலத்தில் அதிகம் புழங்கின. ஒவ்வோர் எழுத்துருவும் எழுத்துகளைத் தனக்கு வசதியான எண்களில் வைத்திருந்ததால், ஒரு தளத்துக்கு அமைத்த உலாவி அடுத்த தளத்தில் பயன்படவில்லை.

இந்தக் குழப்பத்தைத் தணிக்க இணையத் தமிழ் ஆர்வலர்கள் கூடி வகுத்தது ‘திஸ்கி’ என்னும் எட்டு பிட் குறிமுறை. முதல் 128 இடங்களில் ஆங்கிலத்தை அப்படியே விட்டு, மேல் பாதியில் தமிழை வைத்தார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழந்தமிழ் மின்னூல்கள் பல இதில் வெளிவந்தன. படிப்பவர் எழுத்துருக் கோப்பை இறக்கிக் கணினியில் நிறுவ வேண்டும். பின் நெட்ஸ்கேப் உலாவியில் ‘எடிட்’, ‘ப்ரிஃபரன்சஸ்’, ‘ஃபான்ட்ஸ்’ என்று போய், ‘யூசர் டிஃபைன்டு’ என்ற பிரிவுக்கு அந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சீரான அகலமுள்ள எழுத்துக்கும் அதையே தர வேண்டும். அதை மறந்தால் பக்கத்தில் பாதி தமிழாகவும் பாதி கிறுக்கலாகவும் நிற்கும். கடைசியாக ‘வியூ’ மெனுவில் குறிமுறையையும் மாற்ற வேண்டும். மாற்றாதவருக்குத் ‘தமிழ்’ என்ற சொல் முக்கால் பின்னக் குறி, தலையில் கோடிட்ட ஆங்கில ஏ, சென்ட் காசுக் குறி, தலையில் கோடிட்ட யூ என நான்கு குறிகளாகவே தெரியும். எல்லாம் சரியாக அமைத்த பிறகும் ‘இ’ மட்டும் காணாமல் போவதுண்டு. திஸ்கியில் அந்த எழுத்து இருந்த 173ஆம் இடம், உலாவிகளின் கணக்கில் வரி முறியும்போது மட்டும் தெரிய வேண்டிய இணைப்புக்கோட்டின் இடம். ஆகவே அவை அதைத் திரையில் காட்டாமல் விட்டன. திஸ்கியின் பிந்திய பதிப்பில் ‘இ’க்கு வேறு இடம் கிடைத்தது.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்து, தமிழக அரசு ‘டாம்’, ‘டாப்’ என்ற இரு குறிமுறைகளைத் தரப்படுத்தியது. ‘டாப்’ இருமொழிக்கு, ‘டாம்’ தமிழுக்கு மட்டும். திஸ்கி இருக்க இவை தேவைப்பட்டனவா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்தில்லை.

படிப்பவருக்கு இந்த வேலை வேண்டாம் என்று தளத்தோடு எழுத்துருவையும் அனுப்பும் ‘டைனமிக்’ எழுத்துரு முறையைப் பல இதழ்கள் கைக்கொண்டன. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு ஒரு கோப்பு, நெட்ஸ்கேப்புக்கு வேறொரு கோப்பு தேவைப்பட்டது.

உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறிமுறையான யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றிருந்தும், விண்டோஸ் 2000 ‘லதா’ எழுத்துருவோடு வந்த பிறகே பரவலான பயன்பாட்டுக்கு வழி பிறந்தது. மெய்யெழுத்தை அடுத்துச் சேமிக்கப்படும் கொம்பைத் திரையில் அதற்கு முன்னால் இழுத்து வைக்கப் பழைய கணினிகள் பலவற்றுக்குத் தெரியவில்லை. எழுத்துருவே இல்லாத இடத்தில் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அதிராம்பட்டினத்து உமர் தம்பி (1953–2006) உருவாக்கி இலவசமாக அளித்த ‘தேனீ’ யூனிகோடு எழுத்துரு, வாசகர் எதையும் நிறுவாமலே யூனிகோடு தமிழைப் படிக்கத் துணைநின்றது. தமிழ் இணைய வரலாற்றில் இதற்குரிய இடம் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டியது. ஜெர்மனியில் வாழும் சுரதா யாழ்வாணனின் ‘பொங்குதமிழ்’ குறிமாற்றி பழைய குறிமுறைகளை யூனிகோடாக்கியது. ஃபயர்பாக்சின் ‘பத்மா’ நீட்சி அதையே பக்கம் திறக்கும்போது செய்தது. 2010இல் தமிழக அரசு யூனிகோடையும் ‘டேஸ் 16’ஐயும் ஏற்றது. எல்லா உயிர்மெய்க்கும் தனி எண் தரும் பின்னதே தமிழுக்கு ஏற்றது என வாதிடுவோர் உளர்.



எழுத்தின் அளவைக் கூட்டுவது, விளம்பரம் நீக்கிய வாசிப்புப் பார்வை, கருந்திரை ஆகியவையே இன்று மிகுதியும் பயன்படுகின்றன. குறிமுறை மெனுவைக் குரோம் 2016இல் நீக்கியது. ஃபயர்பாக்ஸ் 2021இல் அதை ஒற்றைப் பொத்தானாகச் சுருக்கியது. இன்றைய உலாவிகள் ஏற்கும் குறிமுறைப் பட்டியலில் திஸ்கி இல்லை. அதனால் மாற்றப்படாமல் எஞ்சிய பழைய பக்கங்களின் உரையை நகலெடுத்துக் குறிமாற்றியில் இட்டே படிக்க வேண்டியுள்ளது.