அவலாஞ்சியின் அயல்மீனும் காவிரியின் பெருங்கெண்டையும்

ஆத்தூர்ப் பக்கத்து மனிதருக்குச் சால்மன் என்பது புத்தகத்தில் மட்டும் நீந்தும் மீன். எங்கள் வசிஷ்ட நதியில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் ஓடுகிறது. ஏரி நிறைந்தால் கெண்டை, கெளுத்தி, விரால். ஆயினும் சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த டிரௌட் என்னும் குளிர்நீர் மீன் தமிழ் மண்ணில் அரசாங்கத்தின் கண்காணிப்பில் நூறாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து வருகிறது. இடம், நீலகிரியின் அவலாஞ்சி. அங்கிருந்து இறங்கும் நீர் குந்தா ஆற்றின் வழியே பவானியிலும், பின்பு காவிரியிலும் கலந்து, நாமக்கல் மாவட்டத்தின் பள்ளிபாளையத்தையும் மோகனூரையும் தொட்டே செல்கிறது. ஆகவே அம்மீனின் கதை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

நீரையும் அதில் வாழ்வனவற்றையும் கண்காணிக்கும் வழக்கம் ஆங்கிலேயர் கொண்டுவந்ததல்ல. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. பாசிப்பாட்டம் என்ற வரிப்பெயரும் கல்வெட்டுகளில் வருகிறது. இன்றும் ஏரிமீன் ஏலத்தை 'மீன்பாசிக் குத்தகை' என்றே அழைக்கிறோம். ஏரி, அதன் மீன், அதன் வருவாய் மூன்றையும் ஊரோடு சேர்த்துப் பார்த்த பார்வை அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரியில் உருவான பார்வை வேறு. மலையில் குடியேறிய ஆங்கிலேயர் அங்கே தம் தாயகத்தைத் தேடினர். தோட்டத்துக்கு இங்கிலாந்துச் செடிகள் வந்தன. ஓடைக்கு இங்கிலாந்து மீன் வேண்டியிருந்தது. மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிரான்சிஸ் டே 1863இல் டிரௌட்டைக் கொண்டுவர முயன்றார். சூயஸ் கால்வாய் திறக்கப்படாத காலம்; நீண்ட கடற்பயணம். முயற்சி பலிக்கவில்லை.

1877இல் நீலகிரி வேட்டைச் சங்கம் தோன்றியது. இரண்டே ஆண்டுகளில், 1879இல், சென்னை அரசாங்கம் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. கானுயிரையும் மீனையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்த அதன் பட்டியலை இலக்கியப் பிரதியைப் போல் வாசிப்பது பயன் தரும். காட்டெருமை, கடமான், வரையாடு, முயல், காட்டுக்கோழி, மயில், கௌதாரி, காடை எல்லாம் அதில் உண்டு. புலியும் சிறுத்தையும் இல்லை. அவற்றைக் கொன்றால் அரசு வெகுமதி தந்த காலம் அது. காக்கப்பட்டவை வேட்டைக்கு உகந்தவை. விடப்பட்டவை வேட்டையாளருக்குப் போட்டியானவை. இனப்பெருக்கப் பருவத்தில் வேட்டையைத் தடுப்பது அறிவார்ந்த ஏற்பாடுதான். ஆனால் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த தோடரும் இருளரும் குறும்பரும் சட்டத்தை வகுத்தோர் அவையில் இல்லை.

1897இல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை அது தடை செய்தது. 1907இல் எச்.சி. வில்சனின் முயற்சியால் அவலாஞ்சியில் டிரௌட் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. வட அமெரிக்காவின் பசிபிக் கரையைப் பூர்விகமாகக் கொண்ட வானவில் டிரௌட் இலங்கை வழியாக வந்து நீலகிரியில் நிலைகொண்டது. முட்டையைக் காத்துக் குஞ்சாக்கி ஓடையில் விடும் அத்தொழில்நுட்பம் ஓர் உண்மையான சாதனை, அதை மறுப்பதற்கில்லை.

விந்தை என்னவெனில், அதே நதிக்குடும்பத்தில் டிரௌட்டைவிடப் பன்மடங்கு பெரிய மீன் ஒன்று முன்பே இருந்தது. உலகம் மஹ்சீர் என்றழைக்கும் பெருங்கெண்டை. சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த எச்.எஸ். தாமஸ், 1873இல் வெளியான தம் தூண்டில் நூலில், தூண்டில்காரனோடு போராடும் வலிமையில் மஹ்சீர் சால்மனையும் விஞ்சும் என்று கருதினார். ஆனால் மஹ்சீருக்கு டிரௌட்டுக்கு வாய்த்த கவனம் வாய்க்கவில்லை. காவிரியின் குறுக்கே 1934இல் மேட்டூர் அணையும், பவானியின் குறுக்கே 1955இல் பவானிசாகர் அணையும் எழுந்தன. வலசை போகும் மீன்களின் பாதை மறிக்கப்பட்டது. 1970களில் மகாராஷ்டிரத்தின் லோனாவலாவில் வளர்க்கத் தொடங்கிய நீலத்துடுப்பு மஹ்சீரின் குஞ்சுகள் பின்னர் காவிரியிலும் விடப்பட்டன. நோக்கம் நல்லது, மஹ்சீரைக் காப்பதுதான். ஆனால் விடப்பட்டது வேறு இனம். வந்த இனம் பெருகியது. காவிரிக்கே உரிய திமில் மஹ்சீர் அருகியது.

அந்தத் திமில் மஹ்சீரின் அறிவியல் பெயரே 2018இல்தான் உறுதி செய்யப்பட்டது. அதே ஆண்டு அது அழிவின் விளிம்பிலுள்ள இனமாகப் பன்னாட்டுச் செம்பட்டியலில் இடம்பெற்றது. அது அருகிவந்ததை வெளிப்படுத்தியவை தூண்டில்காரர்களின் பதிவேடுகள் என்பது வரலாற்றின் முரண். நீலகிரி வேட்டைச் சங்கமும் இன்று கானுயிர், சுற்றுச்சூழல் சங்கமாக மாறியிருக்கிறது. 1879இன் வேட்டைப் பட்டியலில் இருந்த வரையாடு, 1972ஆம் ஆண்டின் கானுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டையே கூடாத விலங்காயிற்று, புலியும் அவ்வாறே. பட்டியல்கள் மாறக்கூடியவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

எனவே கண்காணிப்பு தேவையா என்பது என் வினாவன்று. வெடிக்கும் நஞ்சுக்கும் எதிராக அரசு நிற்கத்தான் வேண்டும். எதைக் காப்பது என்று முடிவு செய்யுமுன், அங்கே ஏற்கெனவே என்ன வாழ்கிறது என்று அரசு கணக்கெடுத்ததா என்பதே வினா. நம் பக்கத்து ஏரிகள் குத்தகைக்குப் போகும்போது கட்லாவும் ரோகுவும் திலேப்பியாவும் விடப்படுகின்றன. மூன்றும் வேற்றிடத்து மீன்கள். எடையும் விலையும் உள்ளவை. அயிரைக்கும் ஆராலுக்கும் ஏல அறிவிப்பில் ஒரு வரியும் இல்லை. ஏலத்துக்கு முன் ஊர் மீனவரை அழைத்து, இந்த ஏரியில் என்னென்ன மீன்கள் உண்டு என்று கேட்டு எழுதி வைக்கும் வழக்கம் ஒன்று வந்தால் போதும். திமில் மஹ்சீருக்கு அது நூறாண்டுகளுக்கு முன் நடந்திருக்க வேண்டும். அயிரைக்கு இன்னும் காலம் இருக்கிறது.