உள்ளத்தின் சுமையும் உடலின் நலமும்

பிறந்த ஊரை விட்டு, வேற்று மொழி வழங்கும் நகரங்களில் குடியேறி வாழ்கின்றோம் நாம். ஊரிலிருந்து வருவது கடிதமாயினும் தொலைபேசி அழைப்பாயினும், ‘உடம்பைப் பார்த்துக்கொள்’ என்ற சொல்லோடுதான் அது முடியும். பெரியோர் இதைச் சொல்லும்போது, மாறிய நீரையும் உணவையும் குளிரையுமே கருதுகின்றனர். ஆனால், பலர் நடுவே சிலராக வாழ்வது என்ற அந்த நிலையே உடம்பைத் தாக்க வல்லதோ? தாக்குமாயின், அதை மனிதன் எவ்வாறு எதிர்கொள்கின்றான்? அறிஞர்கள் இவ்வினாவை எழுப்பி நூறாண்டுகளுக்கு மேலாயிற்று. விடை தேடும் முயற்சி பெரும்பாலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடைபெற்றது. அவ்வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

1896ஆம் ஆண்டில் பிரெடரிக் ஹாப்மன் என்னும் புள்ளிவிவர அறிஞர் ஒரு நூலை வெளியிட்டார். அவர் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றியவர். கறுப்பின மக்கள் வெள்ளையரைவிட மிகுதியாகவும் விரைவாகவும் இறக்கின்றனர் என்பதை அட்டவணை மேல் அட்டவணையாக அடுக்கி, அதற்குக் காரணம் அவர்களுடைய இனத்தின் பிறவி இயல்பே என்று அவர் முடிவு கட்டினார். எண்கள் நிறைந்த நூலாதலின் பலர் அதை ஐயமின்றி ஏற்றனர். பிறவியிலேயே உள்ள குறை என்றால், மருத்துவமனை கட்டுவதால் யாது பயன்? சாக்கடையைச் சீர் செய்வதால் யாது பயன்? அம்மக்களின் வாழ்நாளுக்கு எதிராகவே அந்த வாதம் திரும்பியது.

அதற்கு மறுமொழி கூற முன்வந்தவர்களுள் தலையாயவர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. பிலடெல்பியா நகரின் ஏழாம் வட்டாரத்தில் குடியிருந்துகொண்டு, ஏறத்தாழ 2,500 குடும்பங்களின் நிலையை அவர் வீடு வீடாகச் சென்று விசாரித்தார். இருண்ட அறைகள், நெருக்கமான குடியிருப்பு, குறைந்த கூலி, மறுக்கப்பட்ட வேலை ஆகியவற்றைக் கண்ணாரக் கண்டு எழுதினார். அந்நூல் 1899இல் வெளிவந்தது. அதே ஆண்டில், அட்லாண்டா நகரில், இரண்டு வயதும் நிரம்பாத தம் ஒரே மகனைத் தொண்டை அடைப்பான் நோய்க்குப் பறிகொடுத்தார் அவர். இறப்பு எண்களை ஆராய்ந்தவரின் இல்லத்திலேயே இறப்பு நிகழ்ந்தது. எனினும் அவர் ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. 1906இல் கறுப்பின மக்களின் உடல்நலம் பற்றி மற்றொரு தொகுப்பை வெளியிட்டார். ருஷ்யாவின் ஏழைகளுக்கும் செல்வர்க்கும் இடையே உள்ள இறப்பு வேறுபாடு, அமெரிக்காவின் கறுப்பர்க்கும் வெள்ளையர்க்கும் இடையே உள்ளதைவிடப் பெரிது என்று அதில் எடுத்துக்காட்டினார். ஒரே இனத்துக்குள்ளேயே இத்துணை வேறுபாடு நிகழுமாயின், காரணம் குருதியில் இல்லை, வாழ்க்கை நிலையிலேயே உள்ளது என்பது அவர் முடிபு.

வாழ்க்கை நிலையே காரணம் என்று கொண்டாலும் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. கெட்ட நீர் உடலுக்குள் புகுந்து நோய் தருவதை அறிவோம். அவமதிப்பும் அச்சமும் எவ்வாறு உடலுக்குள் புகும்? இதற்கு விடை மற்றொரு துறையிலிருந்து கிடைத்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வால்ட்டர் கானன், அச்சமும் சினமும் எழும்போது நெஞ்சு விரைந்து துடிப்பதையும் குருதியில் சர்க்கரை மிகுவதையும் ஆராய்ந்து 1915இல் நூல் எழுதினார். கனடாவின் மான்ட்ரியல் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் செலியே, 1936இல் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழுக்கு ஒரு சிறு கடிதம் வரைந்தார். குளிர், காயம், நச்சு என எவ்வகைத் தாக்குதலுக்கு உள்ளாயினும், எலிகளின் உடலில் ஒரே வகையான மாறுதல்கள் தோன்றுகின்றன என்பதே அதன் சாரம். தாக்குதல் நீடித்தால் எதிர்க்கும் ஆற்றல் தேய்ந்து உடல் நலிகின்றது. இக்கருத்துக்கு அவர் பின்னர் வழங்கிய பெயர் பொறியியலில் பாரத்தையும் இறுக்கத்தையும் குறித்த ஆங்கிலச் சொல்லாகும். அதையே நாம் இன்று மன அழுத்தம் என வழங்குகின்றோம்.

எலிக்கும் மனிதனுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டன்றோ? மனிதன் தனக்கு நேர்வதை எடைபோடுகின்றான். ‘இது எனக்குத் தீங்கா? இதைத் தாங்க என்னால் ஆகுமா?’ என்று தன்னையே கேட்டுக்கொள்கின்றான். இவ்வாறு எடைபோடுவதையும் சமாளிப்பதையும் ஆராய்ச்சியின் நடுவே வைத்தவர் கலிபோர்னியப் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் ரிச்சர்டு லாசரஸ். அவர் நூல் 1966இல் வெளிவந்தது. சூசன் போக்மன் என்பாருடன் இணைந்து 1984இல் எழுதிய நூல் இத்துறையினர் அனைவரும் பயிலும் நூலாயிற்று. சமாளிக்கும் முயற்சி இருவகைப்படும் என்றனர் அவர்கள். இடரையே நீக்க முயல்வது ஒன்று. இடரால் விளைந்த வருத்தத்தைத் தணித்துக்கொள்வது மற்றொன்று.

இனி, இவ்வரலாற்றில் நம் நெஞ்சை மிகவும் தொடும் பகுதிக்கு வருவோம். ஷெர்மன் ஜேம்ஸ் என்பார் உளவியல் பயின்று, பின்னர் மக்களிடையே நோய் பரவும் முறையை ஆராய்ந்த கறுப்பின அறிஞர். 1978ஆம் ஆண்டில் அவர் வட கரோலினா மாநிலத்தில் முதிய உழவர் ஒருவரைச் சந்தித்தார். 1907இல் வாரத்துக்குப் பயிரிடும் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் அம்முதியவர். இரண்டாம் வகுப்புக்கு மேல் பள்ளி சென்றதில்லை. எழுதப் படிக்கத் தாமே கற்றுக்கொண்டவர். எவ்வளவு பாடுபட்டாலும் நிலவுடைமையாளரின் கணக்கில் கடன் தீராத அந்த முறையிலிருந்து விடுபட உறுதி பூண்டு, கடன் வாங்கி 75 ஏக்கர் நிலத்தைப் பெற்றார். கடனை அடைக்க 40 ஆண்டுத் தவணை இருந்தது. இரவு பகல் பாராது உழைத்து ஐந்தே ஆண்டுகளில் அவர் அதைத் தீர்த்தார். ஆனால், அறுபது வயதை எட்டுமுன் இரத்த அழுத்த நோயும் மூட்டுவாதமும் அவரைப் பற்றின. இரைப்பைப் புண் முற்றியதால் இரைப்பையில் நூற்றுக்கு 40 பங்கை அறுத்து நீக்க வேண்டியதாயிற்று.

அவர் பெயர் ஜான் ஹென்றி. இப்பெயரைக் கேட்ட ஜேம்ஸ் வியப்புற்றார். அமெரிக்க நாட்டுப்புறக் கதையில் ஜான் ஹென்றி என்றொரு கறுப்பினத் தொழிலாளி உண்டு. இருப்புப் பாதைக்காக மலையைக் குடைந்தபோது நீராவித் துளைப்பான் ஒன்று கொண்டுவரப்பட, சம்மட்டி ஏந்தி அதனோடு போட்டியிட்டு அவன் வென்றான்; வென்ற களைப்பில் அங்கேயே வீழ்ந்து மாண்டான் என்பது கதை. தளரா முயற்சியோடு தடைகளை எதிர்த்து உழைக்கும் இயல்புக்கு ஜேம்ஸ் அவன் பெயரையே சூட்டினார்.

தம் ஐயத்தைச் சோதிக்க அவர் வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் 132 கறுப்பின ஆடவரிடம் ஆய்வு நடத்தி, 1983இல் முடிவை வெளியிட்டார். மிகுந்த முயற்சியுடையோராக இருந்தும் கல்வி குறைந்தவர்களிடமே இரத்த அழுத்தம் உயர்ந்து காணப்பட்டது. 1987இல் வெளிவந்த மற்றோர் ஆய்விலும், முயற்சி மிக்கவர்களுள் வசதி குறைந்தவரிடையே இந்நோய் வசதியுள்ளவரிடையே இருந்ததைப்போல ஏறத்தாழ மும்மடங்கு இருந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் யாவும் இதே முடிவைத் தரவில்லை என்பதையும் கூறுதல் நேர்மையாகும். எனினும் அவர் எழுப்பிய கருத்து நிலைத்தது. முயற்சி தீங்கன்று. முயல்பவனுக்குக் கல்வியும் வருவாயும் துணையும் இல்லாதபோது, முயற்சியின் விலையை உடல் கொடுக்கின்றது.

துணை என்றோம். அதன் ஆற்றலைக் காட்டிய ஆய்வு ஒன்று 1976இல் வெளிவந்தது. மைக்கேல் மார்மட், லெனர்டு சைம் என்னும் இருவர் கலிபோர்னியாவில் குடியேறி வாழ்ந்த ஏறத்தாழ 3,800 ஜப்பானிய வழியினரை ஆராய்ந்தனர். தாய்மொழியையும் தம்மவர் உறவையும் மரபையும் மிகுதியாகப் பேணியவரிடையே இதய நோய் ஜப்பானில் இருந்த அளவுக்கே குறைந்திருந்தது. அவற்றை மிகுதியாக விட்டுவிட்டவரிடையே அது மூன்று முதல் ஐந்து மடங்கு இருந்தது. உணவு, புகைப்பழக்கம், இரத்த அழுத்தம் ஆகியவற்றால் மட்டும் இவ்வேறுபாட்டை விளக்க இயலவில்லை.

1985இல் அமெரிக்க சுகாதாரத் துறைச் செயலர் மார்கரெட் ஹெக்லர் வெளியிட்ட அறிக்கை, சிறுபான்மையினரிடையே ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் மிகையாக இறக்கின்றனர் என ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டே சிறுபான்மையினர் நலத்துக்கென அரசில் தனி அலுவலகம் ஏற்பட்டது. டுபாய்ஸ் நூல் எழுதியதிலிருந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னரே இது நிகழ்ந்தது.

அடிமைத்தனத்தின் தழும்பை ஏந்திய அம்மக்களின் துன்பத்தோடு நம் நிலையை ஒப்பிடுதல் தகாது. நாம் நம் நாட்டிலேயே வாழ்கின்றோம். ஆயினும், மொழி தெரியாது கடைத்தெருவில் விழித்து நின்ற நாட்களையும், வாடகைக்கு வீடு கேட்டபோது நம் பேச்சைக் கேட்டதும் மாறிய முகங்களையும் நம்முள் பலர் அறிவோம். ‘இருமடங்கு உழைத்தால்தான் மதிப்பார்கள்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கின்றோம். சொல்லுங்கால் அந்த முதிய உழவரையும் நினைத்துக்கொள்வோம். உழைக்கச் சொல்வதோடு, ஓய்வு கொள்ளவும் வருத்தத்தை வாய்விட்டுச் சொல்லவும் கற்பிப்போம். உள்ளம் சோர்ந்தவர் உளவியல் ஆலோசகரை நாடுவது இழுக்கு என்னும் எண்ணத்தையும் விடுவோம். மாதம் ஒருமுறை தமிழ்ச் சங்கத்தில் கூடிப் பேசுவதை வீண்பொழுது என்று எண்ண வேண்டா. புதிதாக வந்து இறங்கிய குடும்பத்துக்கு ஒருவேளைச் சோறிட்டு, பால்காரரையும் பள்ளிக்கூடத்தையும் காட்டிக்கொடுப்பது, ஊரிலுள்ள பெரியோர் சொல்லியனுப்பும் ‘உடம்பைப் பார்த்துக்கொள்’ என்ற சொல்லை நாம் அவர்களுக்காக நிறைவேற்றுவதாகும்.