முள்வேலியும் கண்ணாடி இழையும்



சில மாதங்களுக்கு முன் எங்கள் பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவர்களைச் சிப்பாங் பக்கம் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் சென்றிருந்தோம். பேருந்து கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் வேலியோரமாகச் சென்றபோது மாணவன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், இந்த வேலி ஆளுங்க உள்ளே வராம இருக்கவா, வெளியே போகாம இருக்கவா?"

உடனிருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெகிரி செம்பிலானின் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டியும் ஒரு வேலியைப் பற்றித்தான் அடிக்கடி பேசுவார். அதைக் கேட்டு வளர்ந்த நான், இக்கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை. அந்த மாணவனுக்கு அன்று கொடுக்க முடியாத விடையை இங்கே எழுத முயல்கிறேன்.

அரண் என்பது நமக்குப் புதிதன்று

திருக்குறளில் 75-ஆம் அதிகாரம் 'அரண்'. நீரும் வெட்டவெளியும் மலையும் காடும் ஒரு நாட்டுக்கு அரணாகும் என்று வள்ளுவர் கூறுகிறார். பழந்தமிழர் கோட்டைகளுக்கு மதிலும் அகழியும் காவற்காடும் இருந்தன. ஊர் எல்லையில் காவல் தெய்வத்தை நிறுத்துவது நம் வழக்கம். கப்பலேறி மலாயாவுக்கு வந்த நம் முன்னோர், லயங்களுக்கு அருகே ஒரு மரத்தடியில் கல்லை நட்டு முனீஸ்வரர் என்று வணங்கியதும் அவ்வழக்கத்தின் தொடர்ச்சியே.

தோட்டத்திற்கு முள்கம்பி வருவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியாத வேலி ஒன்று இருந்தது. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகள் சம்பளத்தைப் பற்றியவை மட்டுமல்ல. துரையின் முன் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற கட்டாயம் நீங்கவேண்டும் என்றார்கள். உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் தடையின்றி வந்து போகவேண்டும் என்றார்கள். சொந்தத் தங்கையைப் பார்க்க வருகிற அண்ணனுக்கும் அனுமதி தேவைப்பட்ட இடமாகத் தோட்டம் இருந்தது என்பதை அக்கோரிக்கையே காட்டுகிறது.

முள்கம்பி வந்த கதை

1948 ஜூன் 16-ஆம் நாள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக்கொல்லப்பட்டனர். இரண்டு நாளில் அவசரகாலம் நாடு முழுமைக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை கட்டாயமாக்கப்பட்டது. காட்டிலிருந்து போராடிய கம்யூனிஸ்டுகள் பால்மரங்களை வெட்டிச் சிதைத்தனர். பால் வெட்டுவோரின் அடையாள அட்டைகளைப் பிடுங்கிக் கிழித்தனர். தொழிலாளர் இரு பக்கத்தாருக்கும் அஞ்சி வாழ்ந்தனர்.

1950 ஏப்ரலில் நடவடிக்கை இயக்குநராகப் பொறுப்பேற்ற சர் ஹரோல்ட் பிரிக்ஸ் ஒரு திட்டம் வகுத்தார். காட்டில் இருப்பவர்களுக்கு அரிசியும் மருந்தும் செய்தியும் வெளியிலிருந்துதான் செல்கின்றன. அந்த வழியை அறுத்துவிட்டால் போராட்டம் தானே ஓயும் என்பது அவர் கணிப்பு. இதன்படி காட்டோரங்களில் வாழ்ந்த சுமார் 5 இலட்சம் மக்கள், பெரும்பாலும் சீனர்கள், ஏறத்தாழ 480 புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர்.

இது நமக்குத் தெரிந்த வரலாறு. இதன் மற்றொரு பாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் சிதறிக் கிடந்த தொழிலாளர் குடியிருப்புகளும் ஓரிடத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டு வேலியிடப்பட்டன. இவ்வாறு இடம் மாற்றப்பட்டவர்கள் 6 இலட்சத்திற்கும் மேல். இவர்களில் தமிழர் பெருந்தொகையினர். புதுக்கிராமம் என்றால் சீனர்களின் கதை என்று கருதிக் கடந்துபோகிறோம். அதே முள்கம்பிக்குள் நம் வீட்டுப் பெரியவர்களும் வாழ்ந்தார்கள் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

பாட்டி சொன்ன வேலி

என் பாட்டி அப்போது மணமாகி வந்த புதிது. காட்டோர லயத்தில் குடியிருந்தவர்களை ஆலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள். சுற்றிலும் முள்கம்பி, மூலையில் காவல் மேடை, இரவில் விளக்கு, ஒரே ஒரு வாயில். வாயிலில் துப்பாக்கியுடன் சிறப்புக் காவலர்கள். நாடு முழுவதும் இத்தகைய சிறப்புக் காவலர்கள் 40,000 பேருக்கு மேல் பணியாற்றினர், பெரும்பாலோர் மலாய்க்காரர்கள். இருட்டியபின் வெளியே செல்லக்கூடாது.

காலையில் பெரட்டு முடிந்ததும் பால் வெட்டுக்குப் போகிறவர்கள் வாயிலில் வரிசை பிடிப்பார்கள். வாளியையும் உடுப்பையும் சோதித்த பின்பே வெளியே விடுவார்கள். ஒரு கைப்பிடிச் சோறும் கொண்டுபோகக்கூடாது. முன்பெல்லாம் மரங்களுக்கிடையே உட்கார்ந்து பசியாறியவர்கள், அன்றுமுதல் பாலை நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பும்வரை வெறும் வயிற்றோடு இருந்தார்கள். அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. கடைக்காரர் விற்கும் தகர டின்னைத் துளையிட்டே கொடுக்கவேண்டும் என்ற விதியும் இருந்தது. துளையிட்ட உணவு நெடுநாள் கெடாமல் இராது. ஆகவே காட்டுக்குள் சேமித்து வைக்க முடியாது.

பெண்களைச் சோதிப்பதைப் பற்றிப் பாட்டி அதிகம் பேசமாட்டார். "அத விடு" என்பார். பின்னாளில் சிமிஞே விவகாரத்தைப் படித்தபோதுதான் அந்த மௌனம் எனக்கு விளங்கியது. நெகிரி செம்பிலான் எல்லையை அடுத்த அந்தச் சிலாங்கூர்ப் புதுக்கிராமத்தில், 1956-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் வாயிற்சோதனை நடத்தப்பட்ட விதம் குறித்து, குறிப்பாகப் பெண்களைச் சோதித்த முறை குறித்து, பெரும் புகார் எழுந்தது. அரசாங்கமே ஆணையம் அமைத்து விசாரிக்க நேர்ந்தது.

பாட்டியை மிகவும் வருத்தியது வேறொன்று. பழைய லயத்து மரத்தடியில் இருந்த முனீஸ்வரர் வேலிக்கு வெளியே தங்கிவிட்டார். ஆண்டுப் பூசைக்கு அனுமதி கேட்டார்கள். பகலில், துப்பாக்கிக் காவலுடன், சிலர் மட்டும் போய்வரலாம் என்றார்கள். அரிசிக்கு மட்டும் அனுமதி இல்லை. அவ்வாண்டு பொங்கல் இல்லாமல் எலுமிச்சையும் சூடமும் வைத்துக் கும்பிட்டுத் திரும்பினார்களாம். "நம்மள காக்கிற சாமிய வெளியில விட்டுட்டு நாம உள்ள ஒக்காந்திருந்தோம்" என்று பாட்டி சொல்லும்போது குரல் தழுதழுக்கும்.

ஆயினும் அவர் வேலியை முற்றாகப் பழித்ததில்லை. "வேலி போட்டப் பெறகுதான் ராத்திரி கண்ண மூடித் தூங்குனோம். விடிஞ்சா அதே வேலிதான் எங்கள திருடன் மாதிரி பாத்துச்சு" என்பார். வரலாற்று நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை இந்த இரண்டு வாக்கியங்களில் அவர் சொல்லிவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது.

அவசரகாலம் 1960 ஜூலை 31-ஆம் நாள் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே எங்கள் வட்டாரத்தில் கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது, பாட்டி முதலில் செய்தது பழைய மரத்தடிக்கு அரிசியைக் கொண்டுபோய்ப் பொங்கல் வைத்ததுதான்.

இன்றைய வேலி

இன்று வேலிக்குக் காது முளைத்திருக்கிறது. 1966-ஆம் ஆண்டு சார்ல்ஸ் காவ் என்ற அறிவியலாளர், மாசற்ற கண்ணாடி இழை வழியாக ஒளியை நெடுந்தூரம் அனுப்பலாம் என்று தம் ஆய்வில் காட்டினார். அதற்காக 2009-இல் நோபல் பரிசு பெற்றார். நம் வீட்டு இணையம் அந்த இழை வழியாகத்தான் வருகிறது. அதே இழையை வேலியில் கட்டியோ மண்ணுக்குள் புதைத்தோ காவலுக்கும் பயன்படுத்துகிறார்கள்.

இழையின் ஒரு முனையிலிருந்து ஒளித்துடிப்புகளை அடுத்தடுத்து அனுப்புகிறார்கள். கண்ணாடியில் இயல்பாகவே உள்ள நுண்ணிய சீரின்மைகளால் ஒளியின் மிகச் சிறு பகுதி சிதறித் திரும்பி வருகிறது. ஒருவர் வேலியில் ஏறினாலோ, அருகே மண்ணைத் தோண்டினாலோ இழை அதிர்கிறது. திரும்பி வரும் ஒளி மாறுகிறது. கண்ணாடிக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். எனவே 10 கிலோமீட்டருக்கு அப்பால் நேர்ந்த அசைவைச் சுமந்த ஒளி, துடிப்பு புறப்பட்டதிலிருந்து ஒரு வினாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் திரும்பிவிடும். அந்த நேரத்தைக் கணக்கிட்டு, அசைவு எந்த இடத்தில் என்பதைச் சில மீட்டர் துல்லியத்தில் கணினி சொல்லிவிடும். காற்றையும் மழையையும் மனிதக் காலடியையும் பிரித்தறியவும் அதைப் பழக்குகிறார்கள்.

வழிநெடுக மின்சாரம் தேவையில்லை என்பதால் பாலைவனத்து எண்ணெய்க் குழாய்களுக்கும் இது ஏற்றது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் துறைமுகங்களுக்கான அனைத்துலகப் பாதுகாப்பு விதிமுறை உருவாகி, 2004 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. அதன்பின் துறைமுக வேலிகளும் வாயில்களும் உலகெங்கும் கடுமையாக்கப்பட்டன. ஆனாலும் எந்த வேலியும் முழுமையன்று. சவூதி அரேபியாவின் அப்கைக் எண்ணெய் நிலையத்தை 2006-இல் வாகன வெடிகுண்டுகளுடன் தாக்க வந்தவர்கள் வாயிலிலேயே தடுக்கப்பட்டனர். 2019 செப்டம்பர் 14-இல் ஆளில்லா விமானங்கள் வேலிக்கு மேலாகப் பறந்து வந்து அதே நிலையத்தைத் தாக்கின.

மாணவனுக்கு என் விடை

வேலியைப் பார்த்து அதன் நோக்கத்தை அறிய முடியாது. முள்கம்பிக்கும் தெரியாது, கண்ணாடி இழைக்கும் தெரியாது. வாயிலைப் பார்க்கவேண்டும். அங்கே எந்தத் திசையில் செல்பவர் சோதிக்கப்படுகிறார் என்று பார்க்கவேண்டும்.

விமான நிலையத்தில் பயணி விமானத்தை நோக்கி உள்ளே செல்லும்போது சோதிக்கப்படுகிறார். உள்ளே இருப்பவர்களின் நலனுக்காக அது நடக்கிறது. என் பாட்டி வேலைக்காகத் தம் வீட்டை விட்டு வெளியே செல்லும்போது சோதிக்கப்பட்டார். வேலி வெளியாரைத் தடுத்தது உண்மை. அதே வேளையில் உள்ளே இருந்தவர்களையே ஐயத்திற்குரியவர்களாகவும் ஆக்கியது. ஆகவே, "தம்பி, அந்தக் காலத்துத் தோட்ட வேலி இரண்டுக்கும்தான்" என்பதே என் விடை.

இன்னொன்றையும் அவனுக்குச் சொல்லவேண்டும். 1998 ஜூன் 27-இல் திறக்கப்பட்ட அந்த விமான நிலையம் எழும்பிய சிப்பாங் நிலப்பரப்பு முன்பு தோட்டப்புறமாக இருந்தது. நீலாய், லாபு பக்கமும் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. இன்று நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பெயரில் 'தோட்டம்' இருக்கிறது. பள்ளியைச் சுற்றித் தோட்டம் இல்லை. வேலியும் இல்லை, லயமும் இல்லை. நினைவு மட்டும் சில முதியவர்களிடம் எஞ்சியிருக்கிறது.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள்

2014 முதல் நான்காம் ஆண்டிலிருந்தே வரலாறு தனிப்பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நான் பயின்றபோது, உள்ளூரிலிருந்து தொடங்கி உலகுக்குச் செல்லவேண்டும் என்று எங்கள் விரிவுரைஞர் வலியுறுத்துவார். அதை இங்கே செய்து பார்க்கலாம்.

1950-இல் பத்து வயதாக இருந்தவர் இன்று எண்பத்தைந்து வயதை எட்டியவர். காலம் அதிகம் இல்லை. வீட்டில் அத்தகைய தாத்தாவோ பாட்டியோ இருந்தால், பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள். பின்வரும் கேள்விகளைக் கேட்கச் சொல்லி, கைப்பேசியில் பதிவு செய்யுங்கள்.

1. உங்கள் லயத்தைச் சுற்றி வேலி இருந்ததா? அதற்கு முன் எங்கே குடியிருந்தீர்கள்?
2. வாயிலை யார் காத்தார்கள்? எத்தனை மணிக்குத் திறப்பார்கள்?
3. வேலைக்குப் போகும்போது எதைக் கொண்டுபோகக் கூடாது?
4. வேலிக்கு வெளியே எதை விட்டுவிட்டு வந்தீர்கள்?

நான்காவது கேள்வியை என் பாட்டியிடம் நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னதால் முனீஸ்வரரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். வேறு என்னவெல்லாம் வெளியே தங்கிப்போயின என்று கேட்டறிய இன்று அவர் இல்லை. உங்கள் வீட்டில் இருப்பவரிடமாவது கேட்டு வையுங்கள்.