ஆடினோரை வினாவிய அரங்கு

விளையாட்டு வரலாறு எழுதுவோர் வெற்றி தோல்விகளைத் தொகுப்பதோடு பெரும்பாலும் அமைவர். ஆடினோர் தம் துறையையும் பிறர் துறையையும் எத்துணை அறிந்திருந்தனர் என அவர் வினவுவதில்லை. இவ்வினாவையே பொருளாகக் கொண்டு இங்கிலாந்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் நடைபெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுண்டு. பி.பி.சி.யின் ‘எ கொஸ்டின் ஆஃப் ஸ்போர்ட்’ என்பது அதன் பெயர். 1968 இல் வட இங்கிலாந்துக்கு மட்டும் சோதனையாகக் காட்டப்பெற்று, 1970 சனவரி 5 அன்று நாடெங்கும் தொடங்கிய அந்நிகழ்ச்சி 2023 இல் நின்றது. நின்றதற்குப் பலரும் கூறும் காரணம் போதாது என்பது எம் கருத்து.

முதல் நாள் வினவியவர் டேவிட் வைன். குத்துச்சண்டை வீரர் ஹென்றி கூப்பரும் வேல்சு நாட்டு ரக்பி வீரர் கிளிஃப் மார்கனும் அணித்தலைவர்கள். கால்பந்தாட்டத்தில் புகழ்பெற்ற டாம் ஃபின்னி, ஜார்ஜ் பெஸ்ட், கிரிக்கெட் வீரர் ரே இல்லிங்வொர்த், ஓட்ட வீராங்கனை லிலியன் போர்டு ஆகிய நால்வரும் அவர்களுடன் அமர்ந்தனர். ஃபின்னி 1960 இலேயே களத்தை விட்டவர். பெஸ்டுக்கோ அன்று வயது 23. மெக்சிகோ ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற லிலியன் போர்டு, அவ்வாண்டு டிசம்பரிலேயே புற்றுநோயால் 22 வயதில் மறைந்தார்.

வினாக்களுள் ஒருவகை ‘தம்மிடம், அயலிடம்’ எனப் பகுக்கப்பட்டது. தம் விளையாட்டைப் பற்றிய வினாவை ஏற்பார்க்குப் புள்ளி குறைவு. அயல் விளையாட்டை ஏற்பார்க்கு மிகுதி. (சங்கப் பாடல்களில் வல்லாரைச் சிற்றிலக்கியம் பற்றியும், சிற்றிலக்கியம் வல்லாரைச் சாசனம் பற்றியும் இவ்வாறு வினவின் நம்முள் எத்துணைப் பேர் அயலிடம் விழைவர்?) மற்றொரு வகையில் புகழ்பெற்ற ஒருவரின் கை, முதுகு, காது எனத் துண்டுகளாகக் காட்டி, அவர் யாவர் எனக் கேட்பர். தோன்றுவது கூறி மறைந்ததை உய்த்துணர வைக்கும் பிசி வகையைத் தொல்காப்பியச் செய்யுளியலில் பயின்றார்க்கு இது புதிதாகத் தோன்றாது.

அறியாமையும் இவ்வரங்கிற்கு ஆக்கமாயிற்று. லிவர்பூல் கால்பந்தணியின் தலைவராயிருந்து 1977, 1978 ஆகிய ஈராண்டும் ஐரோப்பியக் கோப்பையை ஏந்திய எம்லின் ஹியூஸ், குதிரைமேல் இருந்த இளவரசி ஆனின் படத்தைக் கண்டு, அது பந்தயக் குதிரை வீரர் ஜான் ரீடு என்றார். பின்னர் 1987 இல், 200 ஆம் நிகழ்ச்சியில், இளவரசி அவருடைய அணியிலேயே வந்தமர்ந்தார். அரச குடும்பத்தார் என்பதால் அவர் அழைக்கப்பெற்றார் என்றல் அரைகுறை உண்மையே. 1971 இல் ஐரோப்பியக் குதிரையேற்றப் போட்டியில் வென்று, 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டவர் அவர். ஹியூஸ் மரபு பாராது அவர் தோள்மேல் கை போட்டார். ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் பேர் அதனைக் கண்டனர். நிகழ்ச்சியின் வரலாற்றில் பெரிதும் நினைக்கப்படும் நாள் ஒரு தவறான விடையிலிருந்து பிறந்தது.

‘அடுத்து நடந்தது யாது?’ என்னும் வினாவே எம் ஆய்வுக்கு முதன்மையானது. பழைய ஆட்டப் படமொன்றை இடையில் நிறுத்தி, மேல் நிகழ்ந்ததைக் கூறச் சொல்வர். எழுபதுகளில், ஒளிபரப்பிய ஆட்டத்தை மீண்டும் காணும் வாய்ப்பு பொதுமக்களுக்கு இல்லை. நிறுவனத்தின் படக்காப்பறையில் கிடந்ததை வெளிக்கொணரும் வாயில்கள் மிகச் சிலவே. அவற்றுள் இஃது ஒன்று. வீட்டுப் பதிவுக் கருவி வந்தது. பின் இணையம் வந்தது. கைப்பேசியில் எவரும் எதனையும் காணலாயிற்று. வீரர் விடை தேடித் திகைக்கும்போது தாமும் திகைத்த மக்கள், விடையை முன்பே கண்டவராயினர்.

1976 இல் பிரெஞ்சு ஓப்பன் வென்றவரும் 1997 முதல் வினவியவருமான சூ பார்க்கரையும், அணித்தலைவர் இருவரையும் 2021 இல் ஒருங்கே மாற்றியதே வீழ்ச்சிக்குக் காரணம் என்பார் பலர். அம்மாற்றம் வீழ்ச்சியை விரைவுபடுத்தியிருக்கலாம். ஊற்று அதற்கு முன்பே வற்றத் தொடங்கிவிட்டது. நகைச்சுவையாளர் பேடி மெக்கின்னஸ் வினவ வந்தார். ரியோ ஒலிம்பிக்கில் ஹாக்கிப் பொன் வென்ற சாம் குவெக், நிலையான அணித்தலைவராக அமர்ந்த முதற்பெண் ஆனார். பெயரின் தலையில் நின்ற ‘எ’ என்னும் எழுத்தும் அப்போதே நீக்கப்பட்டது. விலையேற்றமும் நிதி நெருக்கடியும் காரணமாக மேலும் நிகழ்ச்சிகள் ஆக்கும் திட்டமில்லை என 2023 டிசம்பரில் பி.பி.சி. அறிவித்தது.