நகரி மலையும் ஒட்டுப்படக் கலையும்

மலையை நின்று நோக்குவது எளிது. அதனைச் சட்டத்துக்குள் அடக்குவது அரிது. நம் கண் இடமிருந்து வலமாக உலவி, தொடர் முழுவதையும் உள்ளத்தில் ஒன்றாக்கிக்கொள்கிறது. காமிராவின் வில்லையோ தன் எல்லைக்குள் அகப்பட்டதை மட்டும் ஏற்று, எஞ்சியதை வெட்டிவிடுகிறது. இக்குறையை நீக்கவே, பல படங்களை அடுத்தடுத்து எடுத்து விளிம்போடு விளிம்பு இணைக்கும் ஒட்டுப்படக் கலை தோன்றிற்று. பனோரமா என்று உலகம் வழங்கும் இக்கலையின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. அதனை நகரி மலையின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்னையிலிருந்து மும்பை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை அரக்கோணம், திருத்தணி ஆகிய ஊர்களைக் கடந்து ஏகாம்பரகுப்பம், புத்தூர் வழியாக ரேணிகுண்டாவை அடைகிறது. இவ்வழியில் பிழைப்பு நாடிச் சென்ற நம்மவர் பலருக்கு, தமிழகம் பின்னே மறையும்போது கண்ணில் படும் மலை நகரி மலையே. அதன் உச்சி சுமார் 2,800 அடி உயரமுடையது. முகத்திலிருந்து மூக்குப் புடைத்து நிற்பதுபோல் தோன்றுவதால் ஆங்கிலேயர் அதனை ‘நகரி மூக்கு’ என்றே தம் ஏடுகளில் குறித்தனர். சென்னைக் கடலில் வந்த மாலுமிகளுக்கும் அது அடையாளமாக விளங்கிற்று. இதில் வியப்பில்லை. அவ்வளவு உயரத்திலுள்ள பொருள் சுமார் 65 மைல் தொலைவு வரை அடிவானத்துக்கு மேல் தென்படும்; நகரிக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட தொலைவோ அதனினும் குறைவு.

இம்மாலுமிகளிடமிருந்தே நம் வரலாறு தொடங்குகிறது எனலாம். கப்பலிலிருந்து காணும் கரையையும் அதன் பின்னுள்ள குன்றுகளையும் ஒரே நீள வரியாக வரைந்து கடற்படங்களில் சேர்ப்பது அக்கால வழக்கம். அழகுக்காக வரைந்தவை அல்ல அவை. மலைவரி பிழைத்தால் கலம் பாறையில் மோதும். ஆகவே, அகன்ற காட்சியை வரைவோனுக்கு உண்மையே முதற் கடமையாயிற்று.

நகரங்களில் இக்கலை வேறு வழியில் வளர்ந்தது. ராபர்ட் பார்க்கர் என்னும் ஓவியர் வட்டமாகச் சூழ்ந்து காட்டும் பேரோவியத்துக்கு 1787-இல் காப்புரிமை பெற்றார். 1800-இல் ராபர்ட் கேர் போர்ட்டர் என்பவர் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையை சுமார் 120 அடி நீளத்தில் தீட்டி இலண்டனில் காட்சிக்கு வைத்தார். மக்கள் திரண்டு வந்து கண்டனர். ஆனால் அவ்வோவியர் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கண்டவரே அல்லர்! ஒன்று கப்பலைக் காக்கும் வரைவு. மற்றொன்று கூட்டத்தை மகிழ்விக்கும் வரைவு. இவ்விரு போக்குகளும் இன்றளவும் இக்கலையினுள் உடனுறைகின்றன.

இனித் தமிழகத்துக்கு வருவோம். லின்னேயஸ் டிரைப் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையைச் சேர்ந்த அதிகாரி. சென்னை அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பெற்ற அவர், 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு இராயக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் முதலிய இடங்களைப் படம் பிடித்தார். தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் அடித்தளத்தில் நீண்டோடும் கல்வெட்டு வரிகளைக் கண்ட அவர், எந்தத் தனிப்படமும் அவற்றைக் கொள்ளாது என உணர்ந்தார். ஆகவே காமிராவைச் சுவரையொட்டி இடம் பெயர்த்துப் பெயர்த்துப் படமெடுத்து, 21 அச்சுப்படிகளை ஒன்றோடொன்று ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக 1858-இல் அமைத்தார். ஹூல்ட்ஷ் அக்கோவிலின் கல்வெட்டுகளை நூலாக வெளியிடத் தொடங்கியது 1891-இல்தான். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்பே, தஞ்சையைக் காணாதவரும் அவ்வெழுத்துக்களைக் காண டிரைப்பின் படம் வழிசெய்தது.

எனினும் டிரைப்பின் கை படத்தைத் திருத்தவும் செய்தது. அந்நாளைய இரசாயனப் பூச்சு நீலநிற ஒளியை மிகுதியாக ஈர்க்கும். ஆகையால் வானம் வெறும் வெண்மையாகவே பதியும். அவ்வெறுமையைப் போக்க அவர் எதிர்ப்படியின் மேல் வண்ணம் தடவி, சில காட்சிகளில் மேகங்களை உண்டாக்கினார். எஞ்சியுள்ள எதிர்ப்படிகளை ஆராய்ந்ததாலேயே இன்று நாம் இதனை அறிகிறோம். மூலப்படிகள் அழிந்திருந்தால் வரைந்த மேகத்தை மெய்ம்மேகம் என்றே நம்பியிருப்போம். அவருடைய பணி நெடுநாள் நீடிக்கவில்லை. 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் அதனை ஆடம்பரச் செலவு எனக் கருதி நிறுத்தினார்.

சுவரைப் படமெடுப்பதற்கும் மலையைப் படமெடுப்பதற்கும் முறை வேறு. அருகிலுள்ள சுவருக்குக் காமிரா நகரவேண்டும். தொலைவிலுள்ள மலைக்கு அது நின்ற இடத்திலேயே நின்று திரும்பவேண்டும். நகர்ந்தால் முன்னுள்ள பனைமரம் ஒரு படத்தில் ஓரிடத்திலும் அடுத்த படத்தில் வேறிடத்திலுமாக நின்று இணைப்பைக் குலைக்கும். இம்முறையில் தலைசிறந்தவர் இத்தாலியரான விட்டோரியோ செல்லா. 1899-இல் கஞ்சன்ஜங்காவையும் 1909-இல் காரகோரம் மலைகளையும் பெரிய கண்ணாடித் தகடுகளில் பதிவுசெய்து, பனோரமாக்களாக இணைத்தார். இன்று அவ்வேலையைக் கணினி செய்கிறது. இரு படங்களில் உள்ள பொதுப் புள்ளிகளைத் தானே கண்டறியும் முறையை டேவிட் லோவ் 1999-இல் வெளியிட்டார். மேத்யூ பிரவுனும் அவரும் 2003-இல் அதனைக்கொண்டு பனோரமாக்களைத் தாமாகவே இணையச் செய்தனர். இப்போது சட்டைப்பையிலுள்ள கைப்பேசியே அதனை நொடியில் முடிக்கிறது.

எளிமையோடு ஐயமும் வளர்ந்தது. மேகத்தைச் சேர்க்க அன்று தூரிகை வேண்டியிருந்தது. மின்கம்பியை அழிக்க இன்று ஒரு விரல் போதும். மெய்யான இணைப்பை எவ்வாறு அறிவது? நகரி மலையே அதற்கு உரைகல் தருகிறது. கருங்கல் அடித்தளத்தின் மேல் படிந்து இறுகிய குவார்ட்சைட் பாறை அம்மலை. வில்லியம் கிங் 1872-இல் வெளியிட்ட கடப்பைப் பாறைகள் பற்றிய ஆய்வில் இப்பாறைக்கு நகரியின் பெயரே சூட்டப்பெற்றது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அப்படிவுகள் செங்குத்தான முகப்பில் கிடைவரிகளாக ஓடுகின்றன. இரு படங்களைத் தவறாக ஒட்டினால் அவ்வரி அங்கே முறியும். தஞ்சையில் எழுத்து வரி எப்படியோ, அப்படியே நகரியில் கல்வரி. வரி முறியாது சென்றால் இணைப்பு மெய்.

மனிதர் வரைந்த வரிகள் இத்தகையன அல்ல. 1911-இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953-இல் அது ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணி நம்மோடு சேர்ந்தது. தமிழ் வழங்கும் நகரி ஆந்திரத்திலேயே நின்றது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாகி, புத்தூர் அதனுள் அடங்க, நகரி சித்தூரிலேயே இருந்தது. வரைபடம் இத்தனை முறை வெட்டுண்டபோதும் மலைத்தொடர் வெட்டுண்ணவில்லை. அதன் முழுமையைக் காட்டவல்லது ஒட்டுப்படமே.

வெளியூரில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் இம்மலையைப் பெரும்பாலும் படத்தில்தான் காண்பர். அப்படம் ஒன்றே அவர்களுக்குச் சான்று. எனவே, ஊர் செல்லும் அன்பர்கள் மலையைப் படமெடுக்கும்போது ஒவ்வொரு படத்தின் மூன்றிலொரு பங்கு அடுத்ததிலும் விழுமாறு எடுப்பார்களாக. இணைத்தபின்னும் தனிப்படங்களைப் போற்றி வைப்பார்களாக. நின்ற இடத்தையும் நாளையும் திசையையும் எழுதி வைப்பார்களாக. விசைத்தறிக் கூடமும் மின்கம்பியும் இருப்புப்பாதையும் காட்சியில் வந்தால் வரட்டும், அவையும் நகரியே. ஒட்டுவது குற்றமன்று, ஒளிப்பதே குற்றம்.